ஆலங்கட்டி கிடந்த கரை

பலேர்மோவுக்கு நான் வந்து இறங்கிய நாட்களில் என் கணவரை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. இதை இப்போது சொன்னால் என்னோடு கோயிலுக்கு வருகிற பெண்கள் சிரிக்கிறார்கள். ஆனால் நிலைமை அப்படித்தான் இருந்தது. மன்னாரில் எங்களுக்குக் கலியாணம் நடந்து, விருந்துகள் முடிவதற்குள்ளேயே அவர் இத்தாலிக்குத் திரும்பிவிட்டார். பிறகு ஆறு வருடம். அவருடைய பெர்மெசோவை, அங்கே தங்குவதற்கான அனுமதியை, புதுப்பிக்க வேண்டும், வீட்டு வாடகைப் பத்திரம் வேண்டும், சம்பளத் துண்டு வேண்டும் என்று ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருந்தது. அந்த ஆறு வருடமும் எங்கள் குடும்பம் போனுக்குள்தான் நடந்தது.

விமான நிலையத்துக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றவர், நான் நினைத்து வைத்திருந்ததைவிடக் கட்டையாக இருந்தார். போனில் முகம்தானே தெரியும். கலியாணத்தன்று பக்கத்தில் நின்ற ஆளின் உயரத்தை நான் மறந்துபோயிருந்தேன். மிச்சத்தை என் மனம் தன்பாட்டில் வளர்த்து வைத்திருந்தது. அவருக்கும் ஏதோ ஒன்று பொருந்தாமல் இருந்திருக்க வேண்டும். என் பெட்டியை வாங்கியவர், என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்து, "பாரமாக் கிடக்கு" என்றார். எங்கள் முதல் பேச்சு அதுதான்.

பலாரோ சந்தைக்குப் பின்னால், நாலாவது மாடியில், ஒரே அறை. எனக்கென்று புதுத் தலையணை, புதுத் துவாய், சோறு வடிக்க ஒரு சருவம் எல்லாம் வாங்கி வைத்திருந்தார். யன்னலுக்குப் பூப்போட்ட சீலை கூடப் போட்டிருந்தார். அந்த அறைக்குள் நாங்கள் இரண்டு விருந்தாளிகளைப் போல நடமாடினோம். "நீர் முதல் குளியும்." "இல்லை, நீங்கள் குளியுங்கோ." "நீர் சாப்பிடும்." "நீங்கள் வந்த பிறகு சாப்பிடுறன்." இப்படியே. கட்டிலில் அவர் சுவர்ப் பக்கமாக ஒடுங்கிக் கிடப்பார். அவருக்கு இடம் காணாதே என்று நான் மறு ஓரத்தில் கிடப்பேன். நடுவில் ஒரு ஆள் படுக்கலாம்.

அவர் ஒரு வயதான சினியோராவின் வீட்டில் வேலை செய்தார். சமையல், துடைப்பு, அந்த அம்மாவை நடக்கக் கூட்டிப் போவது, பார்மசிக்குப் போய் மருந்து வாங்குவது, எல்லாம் அவர்தான். வியாழன் பின்னேரமும் ஞாயிறும் லீவு. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்குப் போனால் பிறகு ஆட்கள் வீட்டுக்கு வருவார்கள், நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போவோம். புதுப் பொம்பிளையைப் பார்க்க எல்லாருக்கும் ஆசை. ஆகவே எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் என்று மிஞ்சியது வியாழன் பின்னேரம்தான். முதல் வியாழன்கள் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்திலும் வேறு கந்தோர்களிலும் வரிசையில் போயின. வரிசையில் நிற்பது எங்களுக்கு வசதியாக இருந்தது என்றே சொல்ல வேண்டும். அங்கே கதைக்கத் தேவையில்லை.

உயிர்த்த ஞாயிறு முடிந்து கொஞ்ச நாளில், கந்தோர் எதுவும் இல்லாத முதல் வியாழன் வந்தது. மத்தியானம் சாப்பிட்டு முடித்து, கோப்பைகளையும் கழுவி வைத்த பிறகு, இரண்டு பேருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் யன்னலருகே நின்று கீழே சந்தையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"கடல் பாக்கப் போவமோ?"

மன்னார்க் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவளிடம் கேட்கிற கேள்வி இது. ஆனால் அவருக்கு வேறென்ன கேட்கத் தெரியும் என்றும் தோன்றியது. "ஓம், போவம்" என்றேன்.

"ஸ்ஃபெர்ராகவால்லோவிலை இந்த நாளையிலை சூரியன் கடலுக்குள்ளை இறங்கிறது வடிவாத் தெரியும். ஒரு படம் எடுத்து உம்மடை அம்மாவுக்கு அனுப்புவம்."

நான் வந்த பிறகு அவர் சொன்ன ஆக நீளமான வசனம் அது.

அன்று சரியான புழுக்கம். தெற்கிலிருந்து, ஆபிரிக்காவிலிருந்து என்று சொன்னார், இரண்டு நாளாகச் சூட்டுக் காற்று வீசிக்கொண்டிருந்தது. வானம் மஞ்சளாக இருந்தது. நிறுத்தி வைத்திருந்த கார்கள் எல்லாவற்றின் மேலும் மாவு தூவியது போலச் செம்புழுதி. பஸ்ஸில் எல்லாரும் எதையாவது எடுத்து விசிறிக்கொண்டிருந்தார்கள். நான் சீலை உடுத்தியிருந்தேன். படம் எடுக்கப் போகிறோம் என்றதால் கலியாணத்துக்கு அடுத்த நாள் உடுத்த நீலச் சீலை. ஒரு கிழவி அதன் கரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னவோ சொன்னாள். "வடிவாம்" என்றார் அவர், யன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

ஸ்ஃபெர்ராகவால்லோ ஒரு சின்ன மீன்பிடி இடம். சதுக்கத்தைச் சுற்றி மீன் சாப்பாட்டுக் கடைகள், அதைத் தாண்டினால் படகுகள் ஏற்றி வைத்த துறை, துறைக்குப் பக்கத்தில் ஒரு துண்டுக் கரை. மணல் பாதி, உருட்டுக் கல் பாதி. எதிரே கடலுக்குள் ஒரு சிறு தீவும் அதில் இடிந்த ஒரு கோபுரமும். அவர் பனெல்லே வைத்த பாண் இரண்டு வாங்கி வந்தார். கடலை மாவில் செய்து பொரித்தது, நாக்குக்கு எங்கள் ஊர்ச் சாப்பாடு போலவே இருந்தது. துறைச் சுவரில் இருந்து சாப்பிட்டோம். கடல் எண்ணெய் ஊற்றியது போல அசையாமல் கிடந்தது. கடதாசியை மடித்து, மடித்ததை இன்னும் சின்னதாக மடித்துக்கொண்டு இருந்தோம்.

வெயில் சாயத் தொடங்கியதும் அவர் எழுந்தார். "அந்தக் கல்லடியிலை நில்லும். தீவும் வரும், சூரியனும் வரும்" என்று போனை வெளியே எடுத்தார். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு போய் நின்றேன்.

அப்போது காற்று நின்றது. இரண்டு நாளாக வீசிய காற்று ஒரேயடியாக நின்றால் காது அடைத்தது போல இருக்கும். உடனே கடல் பக்கமிருந்து இன்னொரு காற்று வந்தது. குளிர் காற்று. என் முந்தானையைத் தூக்கி முகத்தில் அடித்தது. திரும்பிப் பார்த்தேன். தீவுக்கு வலப்பக்கமாக ஒரு முகில், கறுப்பு என்று சொல்ல முடியாது, பச்சை கலந்த ஒரு நிறம், கடலைத் தொட்டபடி வந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் தண்ணீர் வெள்ளையாகக் கொதித்துக்கொண்டு வந்தது. மழை அப்படி வந்து நான் கண்டதில்லை.

"ஓடி வாரும்!" என்று கத்தினார்.

சாப்பாட்டுக் கடைகள் எட்டத்தில் இருந்தன. பக்கத்தில் மரக் குற்றிகளின் மேல் ஒரு பெரிய படகை ஏற்றி வைத்திருந்தார்கள், அடிப்பக்கம் பெயின்ற் அடிக்க. அதன் கீழே என்னை இழுத்துப் போனார். குனிந்து உள்ளே போகவும் முதல் கல் விழவும் சரியாக இருந்தது. எனக்கு முன்னால் மணலில் பொத்தென்று விழுந்து பாதி புதைந்தது. வெள்ளையாக, நெல்லிக்காய் அளவில். நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வானம் முழுவதும் கொட்டுப்பட்டது.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? எங்கள் தலைக்கு மேலே படகின் அடி ஒரு பெரிய மேளமாகிவிட்டது. துறையில் கிடந்த தகரங்கள் அலறின. சதுக்கத்தில் நின்ற கார்கள் ஒவ்வொன்றாகக் கூவத் தொடங்கின. கடல் இரைந்தது என்று சொல்வது சரியில்லை, கடல் பொரிந்தது. அவர் தன் தோள்பையை எடுத்து என் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டார். மேலே இவ்வளவு தடித்த மரம் இருக்கிறது, அதற்குக் கீழே இந்தத் துணிப்பை எதற்கு? அது அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் அப்போது தோன்றவில்லை. குற்றிகளுக்கு நடுவில் இரண்டு பேர் குந்தியிருக்கத்தான் இடமிருந்தது. அவருடைய தாடை என் நெற்றியில் முட்டிக்கொண்டிருந்தது. என் காதுக்குக் கிட்ட என்னவோ கத்தினார். ஒரு சொல்லும் கேட்கவில்லை. நானும் என்னவோ கத்தினேன். பிறகு எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்தேன், என்ன கத்தினீர்கள் என்று. "ஞாபகமில்லை" என்பார். செபம் சொன்னாரா, என் பெயரைச் சொன்னாரா, இல்லை வெறுமனே கத்தினாரா, இன்றுவரை தெரியாது.

ஆலங்கட்டி மழை என்ற சொல்லை நான் பள்ளிக்கூடப் புத்தகத்தில்தான் படித்திருந்தேன். ஐஸ் எனக்கு வேறு வகையில் பழக்கம். அவர் இல்லாத வருடங்களில் மீன் வாங்கும் வாடி ஒன்றில் நண்டும் கணவாயும் அடுக்குகிற வேலை செய்தேன். ஐஸ் என்றால் எனக்கு லொறியில் வருவது, உமி ஒட்டியிருப்பது, கட்டையால் அடித்து உடைப்பது, பின்னேரமாகும்போது விரல்களை மரக்கச் செய்வது. ஏதோ ஒரு கொம்பனி செய்து அனுப்புகிற பொருள். அது வானத்திலிருந்து, யாரும் கேட்காமல், இவ்வளவு தாராளமாக வந்து விழும் என்று எனக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

தொடங்கியது போலவே திடீரென நின்றது.

நாங்கள் உடனே வெளியே வரவில்லை. படகின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. ஒரு கார் இன்னும் கூவிக்கொண்டிருந்தது, பிறகு அதுவும் நின்றது. அவர் முதலில் குனிந்து வெளியே போனார். போனவர் திரும்பி என்னைக் கூப்பிடவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றார். நான் பின்னால் போய் நிமிர்ந்தேன்.

கரையைக் காணவில்லை.

கல்லும் மணலும் பாசியும் இருந்த இடமெல்லாம் ஒரே வெள்ளை. நாங்கள் இருந்த சுவர், நான் நின்ற கல், நங்கூரச் சங்கிலிகள், சுருட்டி வைத்த வலைகள், எல்லாம் வெள்ளை. சின்னப் படகுகள் வாய்வரை நிரம்பிக் கிடந்தன. நிலத்திலிருந்து குளிர், ஒரு பெரிய ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்தது போல மேலே வந்து முகத்தில் பட்டது. நசுங்கிய இலை வாசம் ஊரெல்லாம். வீட்டு வளவுகளில் நின்ற எலுமிச்சை மரங்களைக் கல் துவைத்திருக்க வேண்டும். அவ்வளவு பச்சை வாசத்தை நான் அதற்குப் பிறகும் முகர்ந்ததில்லை.

முகில் எங்கள் தலையைத் தாண்டி மலைப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. கடலுக்கும் முகிலுக்கும் நடுவில் ஒரு கீற்று இடம் திறந்திருந்தது. சூரியன் அந்தக் கீற்றுக்குள் இறங்கியது, தீவுக்குச் சற்று இடப்பக்கமாக.

அதன் பிறகு நடந்ததை நான் பார்த்தேன் என்பதே எனக்குச் சில வேளை நம்ப முடியாமல் இருக்கிறது. வெளிச்சம் கடல் மேல் படுத்தபடி வந்து கரையைத் தொட்டது. வெள்ளை முழுவதும் ஒரே நொடியில் நிறம் மாறியது. சிவப்பு என்றால் சிவப்பில்லை, மாதுளம் முத்தின் உள் நிறம். ஒவ்வொரு கட்டிக்குள்ளும் ஒரு துளி நெருப்பு. கரை முழுவதும் அப்படி எண்ணிக்கையில்லாமல் எரிந்துகொண்டு கிடந்தது, ஆனால் அதிலிருந்து வந்தது குளிர். அதன் மேலே முழங்கால் அளவுக்குப் புகை போல ஒரு மூட்டம் எழும்பி, அதுவும் அதே நிறத்தில் அசையாமல் நின்றது. இரண்டு நாள் சூட்டில் வெந்து கிடந்த நிலமல்லவா.

நான் செருப்பைக் கழற்றினேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கோயில் வாசலில் கழற்றுவது போலக் கால் தானாகக் கழற்றியது. கட்டிகளின் மேல் நடந்து தண்ணீர் ஓரத்துக்குப் போனேன். அங்கே அலை ஐஸை அள்ளிக்கொண்டு போவதும் கொண்டுவந்து கொட்டுவதுமாக இருந்தது. ஒவ்வொரு தரமும் ஒரு சத்தம், ஆயிரம் கண்ணாடி வளையல்களை ஒரு துணியில் கட்டிக் குலுக்குவது போல. அலை பின்வாங்கும்போது அந்தச் சத்தமும் கூடவே இறங்கிப் போகும். வந்த தண்ணீர் கணுக்காலில் பட்டபோது இளஞ்சூடாக இருந்தது. காலுக்குக் கீழே ஐஸ், காலைச் சுற்றிச் சூடான கடல். "ஆண்டவரே" என்று சொன்னேன்.

கடைகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பலேர்மோ ஆட்கள் சத்தமில்லாமல் இருந்து அதற்கு முன் நான் கண்டதில்லை. அன்று எல்லாரும் வாய் மூடி நின்றார்கள். ஒரு மனிதரின் காரின் முன் கண்ணாடி சிலந்தி வலை போல வெடித்திருந்தது. அவர் ஒரு கையை அந்தக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு, காரைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மீன் விற்கிற ஒருவர் மட்டும்தான் சுறுசுறுப்பாக இருந்தார். வெள்ளைப் பெட்டிகளைக் கொண்டுவந்து சவலால் ஐஸை அள்ளி அள்ளிப் போட்டார். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நன்றாகவே சத்தமாகச் சிரித்தேன். வாடியில் வேலை செய்த எவளும் அந்த நேரத்தில் அதைத்தான் செய்திருப்பாள்.

என் சிரிப்புக்கு என் கணவர் திரும்பிப் பார்த்தார். நான் சிரித்து அவர் கேட்டது அதுதான் முதல் தரம் என்று நினைக்கிறேன்.

"இஞ்சேருங்கோ, படம் எடுங்கோ! கெதியா எடுங்கோ, சூரியன் போகப்போகுது!"

அவர் போனை உயர்த்தினார், விரலால் அமர்த்தினார், முகத்தைச் சுளித்தார். திரும்பவும் அமர்த்தினார்.

"என்ன?"

"இடமில்லையாம். போன் நிரம்பிப் போச்சு."

"அப்ப எதையாவது அழியுங்கோவன்."

"பொறும், பொறும்" என்று போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினார். எனக்கு விளங்கவில்லை. இந்த ஒரு நிமிடம் போனால் திரும்ப வராதே என்ற அவதியில் எட்டி அந்தப் போனைப் பிடித்தேன்.

"தாங்கோ, நான் அழிக்கிறன்."

திரையில் இருந்தது நான்.

ஒரு படமல்ல. விரலால் தள்ளத் தள்ள நானாகவே வந்துகொண்டிருந்தேன். நாங்கள் வீடியோவில் கதைத்த நேரங்களில் எனக்குத் தெரியாமல் பிடித்து வைத்த படங்கள். என் நெற்றி மட்டும் இருந்த ஒன்று. நுளம்பு வலைக்குள்ளிருந்து கதைத்தது. கண் பாதி மூடி, வாய் கோணி, ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. தலை முழுகிவிட்டுத் துவாய் கட்டிக்கொண்டிருந்தது. காய்ச்சலில் கிடந்தது. அடுப்பைப் பார்க்கப் போனை எங்கேயோ சாத்தி வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறேன், வெறும் கிடுகு வேலி தெரிகிறது, அதையும் எடுத்து வைத்திருந்தார்.

அந்த அழைப்புகள் எப்படி நடந்தன என்று சொல்ல வேண்டும். "சாப்பிட்டனீரோ?" "ஓம். நீங்கள்?" "ஓம். என்ன கறி?" "மீன்." அவ்வளவுதான். பிறகு அவர் பேசாமல் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடமைக்கு எடுக்கிறார் என்றுதான் நான் ஆறு வருடமும் எண்ணியிருந்தேன். வேறு எதையோ பார்த்துக்கொண்டு இருக்கிறாராக்கும் என்றும் எண்ணியிருந்தேன்.

"இதுகளோ?" என்று கேட்டேன்.

அவருடைய முகம் களவு பிடிபட்ட ஆளின் முகம் போல இருந்தது. அதிலும் அந்தச் சிவப்பு வெளிச்சம் பட்டுக்கொண்டிருந்தது.

"சும்மா... பாக்கிறதுக்கு."

"அழியுங்கோ. நான் இஞ்சைதானே நிக்கிறன்."

"அது ஏலாது."

"ஏன் ஏலாது?"

"அப்ப நீர் இஞ்சை இல்லைத்தானே" என்றார்.

அலை வந்து வளையல்களைக் குலுக்கிவிட்டுப் போனது. நான் அவரைப் பார்த்தேன். ஆறு வருடம் ஒரு மனிதர் வேலை முடிந்து வந்து, பிற ஆட்களோடு பங்கு போட்ட அறையின் ஒரு மூலையில் இருந்து, என் நெற்றியையும் வேலியையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வானம் அவ்வளவு நேரமும் காட்டிய அதிசயம் ஒரு பக்கம் இருக்க, எனக்கு முன்னால் நின்ற இந்தக் கட்டையான மனிதரைத்தான் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கண் நிறைந்துவிட்டது. ஆனால் சூரியனின் கீழ் விளிம்பு தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது, அழ நேரமில்லை.

"அப்ப வேறை என்ன கிடக்கு? கெதியாப் பாருங்கோ!"

இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு தேடினோம். சினியோராவின் மருந்துப் பெட்டிகள் இருந்தன. பார்மசியில் காட்டுவதற்காக எடுத்த படங்கள். பிரஷருக்கு, வயிற்றுக்கு, நித்திரைக்கு என்று பெட்டி பெட்டியாக, வருடக் கணக்கில். "உதுகள் போகட்டும்!" என்றேன். "புதுசு மட்டும் இருக்கட்டும்" என்றார். குளிரில் அவருடைய விரல் திரையில் சரியாகப் படவில்லை. நான் என் முந்தானையால் திரையைத் துடைத்தேன், அவர் அழித்தார், நான் துடைத்தேன், அவர் அழித்தார். இரண்டு பேருக்கும் சிரிப்பு. மருந்து எல்லாம் போய் முடிய இடம் கிடைத்தது.

அவர் மணலில், ஐஸின் மேலேயே, முழங்காலில் இருந்து எடுத்தார். கரை முழுவதும் வர ஒன்று. அலை ஐஸை இழுத்துக்கொண்டு போவதாக ஒன்று. நிரம்பிக் கிடந்த ஒரு படகு. பிறகு போனை நான் வாங்கினேன். "அள்ளிப் பிடியுங்கோ" என்றேன். இரண்டு கையிலும் ஐஸை அள்ளி நீட்டினார். விரல்களின் இடுக்கால் வெளிச்சம் ஒழுகியது. அதை எடுத்தேன். அவர் என்னைக் கடலைப் பார்க்கச் சொல்லி எடுத்தார். கடலைப் பார்த்தபடி நிற்கையில் சூரியன் போய்விட்டது. நான் அதைப் போகும்வரை பார்த்தேன். கடைசித் துண்டு பச்சையாக மினுங்கியது போல இருந்தது. அவர் இல்லை என்கிறார். அவர் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளிச்சம் போனதும் கரை நீலமாகி, பிறகு சாம்பலாகியது. கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கின. அப்போதுதான் கால் மரத்துப் போனதும் சீலை முழங்கால் வரை நனைந்திருப்பதும் தெரிந்தது. ஆட்களுக்குப் பேச்சுத் திரும்பியிருந்தது. கார்க்காரர் தன் வெடித்த கண்ணாடியைக் காட்டி எல்லாரிடமும் கத்திக்கொண்டிருந்தார். கடைக்காரர்கள் கிழிந்த பந்தல் துணிகளிலிருந்து ஐஸைக் கொட்டினார்கள். என் கணவர் என் செருப்புகளைத் தேடி எடுத்து, உள்ளே கிடந்த ஐஸைத் தட்டிவிட்டு, என் காலடியில் வைத்தார்.

பஸ் வர நெடுநேரமானது. ஏறியவர்கள் எல்லாரும் தங்கள் தங்கள் போனை மற்றவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் தன்னுடையதைக் காட்டினாள். வீட்டு மேல்மாடமும் அதில் வெள்ளையான பூச்சாடிகளும். நான் எங்களுடையதைக் காட்டினேன். ஐஸ் அள்ளிய கைகளின் படத்தில் அவள் விரலை நிறுத்தி, இது யார் என்று கேட்டாள். அந்தக் கேள்வி எனக்கு விளங்கியது. அதற்கான பதில் குவெஸ்தூரா வரிசைகளில் கேட்டுக் கேட்டு எனக்குப் பாடம். ஆனால் நானாக அதைச் சொன்னதில்லை.

"மியோ மரீத்தோ" என்றேன். என்னுடைய புருசன்.

அவர் அடுத்த சீற்றில் இருந்தார். கேட்டிருப்பார்.

அறைக்கு வந்து உடுப்பு மாற்றி, தேத்தண்ணி குடித்துவிட்டு, படங்களை அம்மாவுக்கு அனுப்பினோம். படத்தில் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் ஏமாற்றம். அந்த நிறம் அதற்குள் வரவில்லை. சத்தம் வராது, குளிர் வராது, வாசம் வராது. வெள்ளையாக ஏதோ கொட்டிக் கிடக்கிறது, மேலே சிவப்பு வானம், அவ்வளவுதான். அடுத்த நாள் காலை அம்மா எடுத்தார்.

"பிள்ளை, உது என்ன உப்பளமோ? அங்கை உப்பு வேலையோ உமக்கு எடுத்துக் குடுத்திருக்கிறார்?"

நான் வாய் திறப்பதற்குள் அவர் போனை என் கையிலிருந்து வாங்கினார்.

"மாமி, உப்பில்லை மாமி, ஐஸ்! வானத்திலையிருந்து விழுந்தது. நாங்கள் ரெண்டு பேரும் படகுக்குக் கீழை. இந்தளவு இந்தளவு கல். மாமி, அந்தச் சத்தம் இருக்கே..."

கையை விரித்து அளவு காட்டினார். படகின் மேல் கல் விழுந்த சத்தத்தை வாயால் செய்து காட்டினார். முகில் எப்படி வந்தது, மீன்காரர் எப்படி அள்ளினார், உங்கடை மகள் வெறுங்காலோடு ஐஸுக்கு மேலை நடந்தவ மாமி, நான் பயந்துபோனன், அவ சிரிக்கிறா. வேலைக்குப் போக நேரமாகிவிட்டது என்று நான் சைகை காட்டியும் நிறுத்தவில்லை. நான் கட்டிலில் இருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அம்மாவின் குரல் கேட்டது.

"மருமோன் இவ்வளவு கதைப்பாரெண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்."

அவர் சட்டென்று வெட்கப்பட்டுப் போனை என்னிடம் தந்துவிட்டு, சட்டையைப் போட்டுக்கொண்டு படியிறங்கி ஓடினார். கீழே சந்தைக்குள் அவர் நடந்து போவதை நான் யன்னலால் பார்த்தேன். நடுத்தெருவில் நின்று அண்ணாந்து ஒரு தரம் வானத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு பலேர்மோவில் எத்தனையோ தரம் ஆலங்கட்டி விழுந்திருக்கிறது. வீட்டு யன்னலில் விழுந்திருக்கிறது, நான் வேலை செய்கிற வீட்டு மாடத்தில் விழுந்து நானே கூட்டி அள்ளியிருக்கிறேன். ஒவ்வொரு தரமும் கை வேலையை விட்டுவிட்டு நின்று பார்க்கிறேன். அந்தப் போன் பழுதாகி, அடுத்ததும் பழுதாகி, இப்போது மூன்றாவது. படங்கள் எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அவர் கவனமாக மாற்றிக்கொண்டு வருகிறார். சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வந்தால் அந்தக் கரையின் படத்தை எடுத்துக் காட்டுவார். பார்ப்பவர்கள் "ஓ, நல்லா இருக்கு" என்று அடுத்ததற்குத் தள்ளிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல ஏலாது. அதில் அவ்வளவுதான் தெரிகிறது. நாங்கள் இரண்டு பேரும் மட்டும் இருந்து அதைப் பார்க்கும்போது தலையோடு தலை முட்டிக்கொண்டு இருப்போம், அடுத்ததற்குத் தள்ளுவதில்லை.